விமானக் குலுக்கலில் காயமடைந்த சித்திக்கு வழிகாட்ட வேண்டுகிறேன்

குழும உறவுகளுக்கு வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த என் சித்தி, குவைத்தில் வீட்டுவேலை முடித்து இரண்டு மாதங்களுக்கு முன் நாடு திரும்பியபோது, மேகமே இல்லாத வானில் விமானம் திடீரெனக் குலுங்க, கழிவறையிலிருந்து இருக்கைக்கு வந்துகொண்டிருந்த அவர் மேற்கூரையில் மோதி விழுந்து கணுக்கால் முறிந்தார். இருக்கைப்பட்டி அணியுமாறு அறிவிப்பு எதுவும் வரவில்லை என்கிறார். தெளிந்த வானின் குலுக்கல் விமானியின் வானிலை ராடாரில் தெரிவதில்லை என்பதால் அவர்களை மட்டும் குறைகூறவும் மனம் வரவில்லை. ஆனால் இன்று அவர் லயத்துப் படிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறார்.

1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கைப்படி, விமானத்தினுள் நேரும் விபத்தில் உடற்காயம் அடைந்த பயணி நட்டஈடு கோரலாம், வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும் என்று அறிகிறேன். விமான நிறுவனமோ, ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு இனி உரிமை கோருவதில்லை என ஒப்பமிடும்படி ஆங்கிலப் படிவமொன்றை அனுப்பியிருக்கிறது. நாங்கள் இன்னும் ஒப்பமிடவில்லை.

போர்டிங் பாஸ் தொலைந்துவிட்டது. பயணப்பெட்டியில் ஒட்டிய சீட்டும் வைத்தியசாலை எக்ஸ்ரேயும் மட்டுமே கையில் உள்ளன. இவை போதுமா? கண்டியிலோ நுவரெலியாவிலோ இத்தகைய வழக்கை நடத்திய, தமிழில் விளக்கக்கூடிய சட்டத்தரணி எவரையேனும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.