உணவு இடைவேளையில் பேச்சுக்கே தடை: சத்தத்தைக் குறைக்க வேறு வழி உண்டா?

கேள்வி:
உயர்நிலைப் பள்ளி உணவுக்கூடம், 20 மீட்டர் நீளம், 12 அகலம், 4 உயரம். சத்தம் 80 டெசிபெலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும். 5 நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. தடை முடிந்ததும் பழையபடி இரைச்சல். என்ன செய்யலாம்?

பதில் 1:
குறை பிள்ளைகளிடம் இல்லை, சத்தத்தைத் திருப்பி அனுப்பும் சுவர்களிடம். சுற்றிலும் இரைச்சல் இருந்தால் எவரும் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். இதுதான் லொம்பார்ட் விளைவு. ஒட்டுமொத்தத் தண்டனை அநியாயம், பயனும் இல்லை.

பதில் 2:
கணக்குப் போட்டுப் பாருங்கள். கன அளவு 960 கன மீட்டர். எதிரொலி அடங்க 2 வினாடி ஆகிறது என்றால், சபைன் சூத்திரப்படி (0.161 × கன அளவு ÷ நேரம்) இப்போதைய உறிஞ்சுபரப்பு (சத்தத்தை முழுதாக உறிஞ்சும் பரப்புக்குச் சமமான அளவு) சுமார் 77 சதுர மீட்டர். 1 வினாடியாக்க இன்னொரு 77 வேண்டும். உறிஞ்சுதிறன் 0.85 உள்ள, அதாவது படும் சத்தத்தில் 85 சதவீதத்தை உறிஞ்சும் பலகை என்றால் ஏறக்குறைய 90 சதுர மீட்டர். கூரையிலேயே ஒட்டிவிடலாம். நேரடியாக 3 டெசிபெல் குறையும். குரல்களும் தாழ்வதால் கூடுதலாகவே இறங்கும். பலகைமேல் பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், துளைகள் அடைபட்டுவிடும்.

பதில் 3:
நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டுங்கள், தேய்ந்ததும் மாற்றுங்கள். சத்தத்தை அளக்கும் மீட்டர், தட்டு கழுவும் இடத்தருகே இருந்தால் பாத்திரச் சத்தத்துக்கும் பிள்ளைகள்தான் தண்டனை அனுபவிப்பார்கள். முதலில் அந்த மீட்டரை நகர்த்தச் சொல்லுங்கள்.