வாரும்பி பேண்ட் யாருடைய குரல்?

செம்மண்:
வாரும்பி பேண்டை ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் ராக் குழு என்று எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஊரெல்லாம் பாடும் ‘மை ஐலண்ட் ஹோம்’ பாட்டை எழுதியவர் குழுவில் இருந்த நீல் மர்ரே. விக்டோரியா மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்த வெள்ளைக்காரர். பாடகர் ஜார்ஜ் ருரம்புவின் ஊர் ஏக்கத்தை இன்னொருவர் எழுதிக் கொடுத்தால் அது யாருடைய குரல்?

தாளக்காரன்:
குழு பிறந்த இடத்தைப் பாருங்கள். நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்துக்குள் இருக்கிற பாப்புன்யா. கிட்டார் சாம்மி புட்சர், டிரம்ஸ் கார்டன் புட்சர். அந்த ஊர்க்கார அண்ணன் தம்பிகள். 1983-ல் வந்த முதல் சிங்கிள் ‘ஜெயிலங்குரு பகர்னு’, சிறையிலிருந்து வெளியே வந்தவனின் பாட்டு, முழுக்க அந்தப் பாலைவனத்துப் பூர்வகுடிகளின் லூரிட்ஜா மொழியில். பூர்வகுடி மொழியில் வெளிவந்த முதல் ராக் பாட்டு என்று அதைத்தான் சொல்கிறார்கள். சிட்னி ரேடியோவைப் பிடிக்க நினைப்பவன் லூரிட்ஜாவிலா பாடுவான்?

செம்மண்:
சரி, அது தொடக்கம். நிலைத்தது எது? 1995-ல் கிறிஸ்டின் அனு பாடிப் பிரபலமாக்கியதும், 2000 சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் ஒலித்ததும் மர்ரே எழுதிய அந்த ஆங்கிலப் பாட்டுதான். லூரிட்ஜா பாட்டு எத்தனை பேருக்குத் தெரியும்?

கடல்காற்று:
நடுவில் வருகிறேன். அந்தப் பாட்டை ஒருமுறை நிதானமாகக் கேளுங்கள். பாலைவனத்தில் கிடக்கிற ஒருவன், ஆமை குத்தும் நீண்ட ஈட்டியோடு படகில் நிற்பதாக நினைத்துப் பார்க்கிறான். அது வடகடலோரத்து எல்கோ தீவில் வளர்ந்த ருரம்புவின் வாழ்க்கை. பக்கத்தில் இருந்து கேட்டதைத்தான் மர்ரே எழுதினார். அப்புறம் ருரம்பு தன் தனி ஆல்பத்தில் அதையே தன் தாய்மொழியிலும் பாடினார். தனக்கு ஒட்டாத பாட்டை யாராவது அப்படித் திரும்ப எடுத்துப் பாடுவார்களா? பாடிய அனுவும் ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளின் வம்சம். அவருக்கும் அது சொந்தத் தீவின் பாட்டுதான்.

தாளக்காரன்:
1986-ல் மிட்நைட் ஆயில் என்ற பிரபல ஆஸ்திரேலிய ராக் குழுவோடு சேர்ந்து இவர்கள் போன சுற்றுப்பயணத்தையும் மறக்காதீர்கள். பெரிய ஊர் மேடைகளை விட்டுவிட்டு, தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கே போய் வாசித்தார்கள். எதிரில் நின்று கேட்டவர்கள் சொந்த ஜனம்.

செம்மண்:
ருரம்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் இந்தத் திரியிலேயே பாருங்கள், எல்லோரும் எழுதியவரையும் பாடியவரையும் சுற்றியே பேசுகிறோம். பாப்புன்யாக்காரரான சாம்மியின் பெயர் ஒரே ஒரு முறை வந்தது. பாட்டு வரியே இல்லாமல், வெறும் கிட்டாரை வைத்து ‘டெசர்ட் சர்ஃப் கிட்டார்’ என்று ஓர் ஆல்பம் போட்டவர் அவர். அதை முழுதாகக் கேட்டவர்கள் இங்கே எத்தனை பேர்?