கலைச்சொல்: முதல் உலகப்போர்க் காலப் பிரெஞ்சு இதழ்களுக்குப் ‘படநாளிதழ்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

முதல் உலகப்போர்க் காலத்தில் படங்களை முதன்மையாக வைத்து வந்த பிரெஞ்சு நாளிதழ்களைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் கேள்விக்கு, விளக்கப்பட நாளிதழ், சித்திர நாளிதழ், ஒளிப்பட நாளிதழ் என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் ‘படநாளிதழ்’ என்பதை முன்வைக்கிறேன்.

நாம் பெயர் தேடுவது எக்செல்சியோர் போன்ற ஏட்டுக்கு. பதிப்பாளர் பியர் லாஃபித் அதை 1910 நவம்பரில் பாரிஸில் தொடங்கினார். அதன் முதல் பக்கத்தைப் பெரும்பாலும் படங்களே அடைத்துக்கொள்ளும். சில நாள் ஒரே படம் பக்கம் முழுக்க விரிந்திருக்கும். எழுத்து அதன் அடியில் ஓரிரு வரிக் குறிப்பாக ஒதுங்கிவிடும். விளக்கப்படம் என்றால் எழுத்து முதலில், அதைப் புரியவைக்கப் படம் என்று ஆகிறது. இங்கே நிலைமை நேர் எதிர்.

சித்திரம் என்ற சொல்லை லெ பெட்டி ஜூர்னால் என்ற பாரிஸ் நாளிதழின் வண்ண வார இணைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். போர்க்காலத்திலும் அதன் அட்டைக் காட்சிகள் ஓவியர் கையால் வரைந்தவைதான்.

ஒளிப்பட நாளிதழ் ஏறக்குறையச் சரி. ஆனால் போர் தொடங்கியபின் பக்கங்கள் எப்படி நிரம்பின என்று பாருங்கள். 1914 ஆகஸ்ட் 5 சட்டம் படைச் செய்திகளை வெளியிடுவதைக் கட்டுப்படுத்தியது; படங்களும் தணிக்கைக்குப் போயின. போர்முனைக்குச் சென்று படம் எடுப்பதே கடினம். படைத்துறையின் ஒளிப்படப் பிரிவு 1915இல்தான் அமைந்தது. ஆகவே தளபதிகளின் உருவப்படம், போர்முனை வரைபடம், கோட்டோவியம் எல்லாம் ஒளிப்படத்தோடு கலந்தே வந்தன. இத்தனையையும் தமிழில் ‘படம்’ என்ற ஒரே சொல் தாங்குகிறது. கையில் இருக்கும் அந்த வசதியை ஏன் விடவேண்டும்?

படநாளிதழ் என்றால் சினிமா ஏடு என்று நினைப்பார்களே என்ற ஐயம் வரலாம். படக்கதை என்றதும் வரைந்த கதை என்றுதானே புரிந்துகொள்கிறோம்? சேர்த்தே எழுதினால் குழப்பம் இருக்காது.

இன்னொன்று. நம் உரையாடல் இழையில் லெ மிருவார் என்ற இதழையும் நாளிதழ் என்று குறித்திருக்கிறார்கள். அது லெ பெட்டி பாரிசியேன் நாளிதழின் வார இணைப்பு. போர்ப் படங்களுக்கு எந்த விலையும் தருவதாக அறிவித்து, சிப்பாய்கள் பதுங்குகுழியில் சிறு கோடாக் கேமராவில் எடுத்தவற்றையும் வாங்கிப் போட்டது. படைத்துறை ஒளிப்படப் பிரிவின் படங்களில் இல்லாத நெருக்கம் அவற்றில் உண்டு என்பதால் ஆய்வாளர்கள் அவற்றை அடிக்கடி எடுத்தாள்வார்கள். நாம் வகையைச் சரியாகச் சொல்லவேண்டும். லில்லுஸ்த்ராசியோன் என்ற பிரெஞ்சுப் பட இதழும் வாரந்தோறும் வந்ததே. இவற்றுக்குப் படவார இதழ் என்று அதே அச்சில் சொல் அமைந்துவிடுகிறது.

மறுப்பு இல்லையென்றால் நம் கலைச்சொல் தொகுப்பில் இப்படிச் சேர்க்கலாம்:

படநாளிதழ்: செய்தியை முதன்மையாகப் படங்களின் வழியே தரும் நாளிதழ், எழுத்து படக்குறிப்பாகவோ துணையாகவோ அமையும். எ.கா. எக்செல்சியோர், பாரிஸ்.

தணிக்கையாளர் வெட்டிய இடத்தில் பத்தி வெள்ளையாகவே அச்சாகுமே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘தணிக்கை வெற்றிடம்’ சரிவருமா, சொல்லுங்கள்.

அன்புடன்