புதுக்கடை துண்டறிக்கையில் இலங்கைக் கைதிகளைப் பற்றிச் சேர்க்கலாமா?

விளவங்கோட்டான்:
ஆகஸ்ட் 11 வருகிறது. 1954இல், நம் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியதற்காகத் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் சுட்டுக் கொன்ற நம் ஆட்களின் நினைவு நாள். வழக்கமாக அடிக்கும் துண்டறிக்கையில் இந்த வருஷம் ஒரு வரி கூடுதலாகப் போடலாம் என்று சிலர் பேசினோம்: ‘பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைபட்டிருக்கும் ஈழத் தமிழ் இளைஞர்களை இலங்கை அரசு விடுதலை செய்ய வேண்டும்.’

ஏன் என்றால், 2021 மே 18 அன்று மட்டக்களப்பு கிரான் கடற்கரையில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு நினைவஞ்சலி செலுத்திய 10 பேரை அந்தச் சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். பிணை கிடைக்க டிசம்பர் ஆனது. நாமும் வருஷா வருஷம் செத்தவர்களுக்கு மாலை போடுகிறோம். போலீஸ்காரர் ஒருவர் வந்து வண்டிகளை ஒதுக்கி விடுவார், அவ்வளவுதான். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

தோவாளைக்காரன்:
எனக்கு ஆட்சேபம் இருக்கு ஓய். அது எல்லைப் போராட்டத்துக்கான நாள். அதில் கொண்டுபோய் இலங்கையை ஏன் ஒட்ட வேண்டும்? 2019 ஈஸ்டர் அன்று தேவாலயத்திலும் ஓட்டலிலும் குண்டு வைத்து 250 பேருக்கு மேல் கொன்றார்கள். அப்படி அடி வாங்கிய நாடு கடுமையான சட்டம் வைத்திருக்கத்தான் செய்யும். ராஜீவ் காந்தியைக் கொன்ற ஸ்ரீபெரும்புதூரை நாமும் மறந்துவிடவில்லையே. உள்ளே இருப்பவன் போராளியா, வெறும் போஸ்டர் ஒட்டியவனா என்று புதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு நீர் எப்படி முடிவு பண்ணுவீர்?

கோர்ட் வராந்தா:
அண்ணாச்சி, அதை முடிவு பண்ண வேண்டியது நாமும் இல்லை, அமைச்சரும் இல்லை. நீதிமன்றம்தான். அந்தச் சட்டத்தில் கோளாறே அங்கேதான் இருக்கிறது.

1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் அது. 9ஆம் பிரிவின்படி அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் மூன்று மாதம் உள்ளே. பிறகு மூன்று மூன்று மாதமாக நீட்டிக்கலாம். மொத்தம் 18 மாதம் வரை என்று இருந்ததை 2022இல் 12 மாதமாகக் குறைத்தார்கள். குற்றப்பத்திரிகை தேவையில்லை. அதைவிட மோசம் 16ஆம் பிரிவு. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ள அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை உள்ளே கிடப்பவன்தான் நிரூபிக்க வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரியாத தமிழ்ப் பையன்கள் சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்ட வழக்குகள் எத்தனையோ. 2022 திருத்தம் இந்தப் பிரிவைத் தொடவே இல்லை.

ஈஸ்டர் குண்டுவெடிப்பைச் சொன்னீர்கள். அன்றைக்கும் இதே சட்டம் அமலில்தானே இருந்தது? இந்திய உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்தும் அங்கே யாரும் அசையவில்லை. அந்த அலட்சியத்துக்காக 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேனாவை 10 கோடி ரூபாய் நஷ்டஈடு கட்டச் சொன்னது. சட்டத்துக்குப் பல் இல்லாமல் போனதால் நடந்தது இல்லை அது.

தூத்தூர் விசைப்படகு:
மீன்பிடிக்கப் போகிற எங்க ஆட்களை தியாகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிப்பான், அரபு நாட்டில் பிடிப்பான். அப்போது இங்கே யாரும் துண்டறிக்கை அடிக்கவில்லையே. ஒக்கி புயல் நேரத்தில் குழித்துறையில் தண்டவாளத்தில் உட்கார்ந்த ஜனங்கள் மேல் கேஸ் போட்டார்கள், அதையும் எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்று உண்டு. வெளிநாட்டில் படகைப் பிடித்தால்கூட எந்த ஜெயில், என்னைக்குக் கோர்ட் என்று எப்படியாவது வீட்டுக்குத் தகவல் வந்துவிடும். ஒரு வருஷம் கேஸே போடாமல் வைத்திருப்பது என்பது வேறே கணக்கு.

தோவாளைக்காரன்:
வக்கீலே, இங்கே மட்டும் என்ன வாழுதாம்? நம்ம ஊபா சட்டத்தில் (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) 180 நாள் வரை குற்றப்பத்திரிகை இல்லாமல் வைக்கலாம். ஜாமீன் குதிரைக்கொம்பு. திருச்சிப் பக்கத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி, ஆதிவாசிப் பையன்கள் விசாரணை இல்லாமல் ஜெயிலில் கிடக்கிறார்கள் என்று கேட்டவர், 84 வயசில் விசாரணைக் கைதியாகவே செத்தார். 2021 ஜூலையில். அதை எழுத உமக்குத் தைரியம் இருக்கா? கடலுக்கு அந்தப் பக்கம் என்றால் மட்டும் பேனா ஓடுகிறது!

விளவங்கோட்டான்:
எழுதுகிறோமே, யார் வேண்டாம் என்றது? ஆனால் இதுவும் தப்பு, அதுவும் தப்பு, அதனால் எதையும் பேசாதே என்று முடிக்கிறீரே, அங்கேதான் இடிக்கிறது. 1954இல் ஆண்டது பட்டம் தாணு பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியா என்ன செய்தார்? துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்றுத் தன் கட்சி அரசே விலக வேண்டும் என்றார். எங்கேயோ வடக்கே பிறந்த மனுஷனுக்கு விளவங்கோடு தாலுகா எந்தப் பக்கம் இருந்தால் என்ன? இருந்தும் பேசினார்.

தேங்காப்பட்டணத்தான்:
எனக்கு அந்த வரியே இடிக்குது. ‘ஈழத் தமிழ் இளைஞர்’ என்று போட்டால் அஹ்னாப் ஜஸீம் எங்கே போவார்? மன்னார்க்காரர். பள்ளிக்கூட ஆசிரியர். தமிழில் ‘நவரசம்’ என்று கவிதைத் தொகுப்பு போட்டவர். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் அதிலேயே இருக்கின்றன. அந்தப் புத்தகத்தையே காட்டி 2020 மே மாதம் இதே சட்டத்தில் பிடித்தார்கள். பிணை 2021 டிசம்பரில். குற்றமற்றவர் என்று தீர்ப்பு 2023 டிசம்பரில். எழுதியது தமிழ், ஆனால் அந்த நாட்டுக் கணக்கில் அவர் முஸ்லிம், தனி இனம். 1990 அக்டோபரில் மன்னார் உட்பட வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை விரட்டியது புலிகள். அதையும் மனசில் வைத்து வரியை எழுதுங்கள். இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒருத்தனும் அந்தத் தாளைக் கையில் வாங்க மாட்டான்.

தோவாளைக்காரன்:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். கோர்ட் விட்டுவிட்டது இல்லையா? அப்போ அங்கே நீதி செத்துப்போகவில்லை. பிறகு எதுக்கு நம்ம கூப்பாடு?

கோர்ட் வராந்தா:
மூன்றரை வருஷம் கழித்து, அண்ணாச்சி! அதில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே. வாத்தியார் வேலை போச்சு, வயசு போச்சு. இந்த மாதிரிச் சட்டத்தில் தண்டனை தீர்ப்புக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் முன்பு இருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலும் போலீஸ் வாக்குமூலம் செல்லும் என்று இருந்தது. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளனை 1991இல் பிடிக்கும்போது 19 வயசு. அந்த வாக்குமூலத்தை எழுதிய அதிகாரியே, அவர் சொன்னதில் ஒரு பகுதியை விட்டுவிட்டேன் என்று 2013இல் வெளியே சொன்னார். விடுதலை 2022இல்தான். ஸ்ரீபெரும்புதூரை எடுத்தது நீங்கள், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று. இந்தச் சட்டம் ஒரே இனத்தோடு நிற்பதும் இல்லை. 1980களின் கடைசியில் ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியின் சிங்களப் பையன்களையும் இதில்தான் அள்ளினார்கள். 2022இல் மாணவர் தலைவர் வசந்த முதலிகே மேலும் இதுதான் பாய்ந்தது. அந்த ஜேவிபியின் தலைவர் அநுர குமார திசாநாயக்கதான் இன்றைக்கு ஜனாதிபதி. சட்டத்தை ரத்து செய்வோம் என்று தேர்தல் அறிக்கையில் சொன்னவர்கள். 2025 மார்ச்சில், இஸ்ரேலை எதிர்த்து ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயது முஸ்லிம் பையனுக்கு அவர் கையெழுத்திலேயே 90 நாள் தடுப்பு உத்தரவு போனது. சத்தம் கிளம்பியதும் ஏப்ரலில் விட்டார்கள். கூப்பாடு எதுக்கு என்றீர்களே, இதுக்குத்தான்.

தோவாளைக்காரன்:
சத்தம் போட்டது கொழும்பிலுள்ள ஆட்கள். உம்முடைய புதுக்கடைத் தாளை எந்த ஜனாதிபதி வாசிக்கப் போகிறார்?

பழவிளைப் பையன்:
வணக்கம். நான் பழவிளை இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவன் (இப்போ ‘மறுவாழ்வு முகாம்’ என்று பலகையை மாற்றியிருக்கிறார்கள், வீடு அதே வீடுதான்). இலங்கையை இதுவரை பார்த்ததில்லை. அண்ணன்மார் எல்லோரும் அங்கே உள்ளவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், சந்தோஷம். திருச்சி சிறப்பு முகாமைப் பற்றி யாருமே சொல்லவில்லையே? வழக்கில் பிணை கிடைத்த ஆளையும், தண்டனை முடிந்த ஆளையும் வெளிநாட்டவர் சட்டத்தைக் காட்டி அங்கே வைத்திருந்தது நம் தமிழ்நாடு அரசு. ராஜீவ் கொலை வழக்கில் இருந்த இலங்கைக்காரர் சாந்தன், 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தும் அங்கேதான் இருந்தார். 2024 பிப்ரவரியில் ஊருக்குப் போக அனுமதி வந்தது, போவதற்குள் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். துண்டறிக்கையில் அதுக்கு இடம் உண்டா?

விளவங்கோட்டான்:
உண்டு தம்பி. வரியை மாற்றி எழுதிவிட்டேன், பாருங்கள்: ‘தமிழர், முஸ்லிம், சிங்களர் யாராக இருந்தாலும் விசாரணையின்றிப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைபட்டிருப்போரை இலங்கை அரசு விடுவிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு திருச்சி சிறப்பு முகாமை மூட வேண்டும். ஊபா சட்டத்தின் ஜாமீன் தடையை இந்திய அரசு நீக்க வேண்டும்.’

தேங்காப்பட்டணத்தான்:
இப்போ சரி. எனக்கு 200 தாள் ஒதுக்கி வையுங்கள்.

தோவாளைக்காரன்:
கொலைக் கேஸில் உள்ளவனையும் சேர்த்து விடுவிக்கவா? ‘விடுவிக்க வேண்டும்’ என்று எழுதாதீர். ‘குற்றம் சாட்டி விசாரி, இல்லையேல் விடு’ என்று எழுதும். அப்படியென்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஊபா வரிக்கு மட்டும் என் பேர் கிடையாது. அதில் என் எண்ணம் வேறு.

கோர்ட் வராந்தா:
முதல் திருத்தம் ஞாயமானது. சட்டப்படியும் அதுதான் சரி, மாற்றிவிடலாம். ஊபா வரி இருக்கட்டும், அண்ணாச்சி பேரை விட்டுவிடலாம்.

விளவங்கோட்டான்:
மாற்றியாச்சு. பழவிளைத் தம்பி, உங்கள் முகாமிலிருந்து ஒரு பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் தாளுக்கு வேறே கனம் வரும்.

பழவிளைப் பையன்:
அது மட்டும் நடக்காது அண்ணே. இன்னைக்குப் பேர் போட்டால் நாளைக்கே கியூ பிரிவு உளவுப் போலீஸிலிருந்து ஆள் வந்து விசாரிப்பார். அப்பாவையும் கூப்பிடுவார். தாளை ஒட்ட வருகிறேன், பசை வாளியும் நானே தூக்குகிறேன். பேர் வேண்டாம்.