புதுப்பிப்பு: பைடான்டிக் 1-லிருந்து 2-க்கு மாறியாயிற்று

மன்னார்குடி பக்கத்து நெல் விவசாயிகளின் நிலப் பதிவுகளை வைத்திருக்கும் பைத்தான் செயலியை, தரவு சரியான வகையில் இருக்கிறதா என்று சோதிக்கும் பைடான்டிக் நூலகத்தின் 2-ஆம் பதிப்புக்கு எப்படி மாற்றுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குறுவை அறுவடைக்கு முன்பே வேலை முடிந்தது.

கைகொடுத்தது, பழைய நிரலைத் தானாகவே 2-க்கு மாற்றித் தரும் ‘பம்ப்-பைடான்டிக்’ கருவியை ஓட்டும் யோசனைதான். முதலில் கிட்டில் கமிட், அதாவது இருக்கும் நிரலைப் பத்திரப்படுத்துவது. அப்புறம் டெர்மினலில் ‘--டிஃப்’ சேர்த்து ஓட்டினால், கோப்பைத் தொடாமல் என்னென்ன மாறும் என்று மட்டும் காட்டும். பார்த்துவிட்டு, ‘--டிஃப்’ இல்லாமல் மறுபடி ஓட்டினேன். ‘கான்ஃபிக்’ கிளாஸ் ‘மாடல்_கான்ஃபிக்’ ஆனது. ‘ஆப்ஷனல்’ புலங்களுக்கு இயல்பு மதிப்பாக ‘நன்’ சேர்ந்தது. 2-ல் அது இல்லாவிட்டால் அந்தப் புலம் கட்டாயமாகிவிடும். மாற்ற முடியாத வேலிடேட்டர்களின் (மதிப்பைச் சோதிக்கும் ஃபங்ஷன்கள்) மேல் ‘டூடூ’ குறிப்பு எழுதி வைத்துவிடுகிறது, நேர்மையான கருவி.

மாடலை டிக்ஷனரியாக மாற்றும் ‘.டிக்ட்()’ அழைப்புகளை அது தொடவில்லை. எச்சரிக்கையோடு ஓடும் என்றாலும், நானே தேடி ‘மாடல்_டம்ப்’ ஆக்கினேன். செயலியின் அமைப்புகளைப் படிக்கும் பகுதிக்கு ‘பைடான்டிக்-செட்டிங்ஸ்’ தனியாக நிறுவ வேண்டும்.

எதிர்பாராதது சர்வே எண். எக்செல்லிலிருந்து 112/3ஏ எழுத்தாக வரும். உட்பிரிவு இல்லாத 112 வெறும் எண்ணாக வரும். பழைய பதிப்பு இரண்டையும் சத்தமில்லாமல் ஸ்ட்ரிங் (எழுத்துச்சரம்) ஆக்கிக்கொண்டிருந்தது. 2 அப்படிச் செய்யாது, பிழை காட்டும். ‘மாடல்_கான்ஃபிக்’கில் ‘கோயர்ஸ்_நம்பர்ஸ்_டு_ஸ்டர்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கியதும் சரியாயிற்று. இதற்கு 2.4 அல்லது பிந்தைய பதிப்பு வேண்டும்.

‘பைடான்டிக்.வி1’ வழியாகப் பழையதையே இறக்குமதி செய்யும் யோசனை எனக்குத் தேவைப்படவில்லை. பெரிய திட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுபவர்களுக்கு அது உதவும்.