கரண்ட் நிறுத்துற அன்னைக்கு லேப்டாப் பேட்டரி தாங்குமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

தேவகோட்டை:
15.6 இஞ்ச், கரண்ட் கம்மியா இழுக்கிற யூ சீரிஸ் பிராசசர், 16 ஜிபி ரேம், 3 செல் 41 வாட்-அவர் பேட்டரி. பெட்டியில "8 மணி நேரம்"னு போட்டிருக்கு. மாதாந்திரப் பராமரிப்பு அன்னைக்கு காலை 9லேருந்து மதியம் 2 வரைக்கும் ஓடுமா?

காரைக்குடி:
பெட்டியில உள்ள மணிக்கணக்கை விட்டுருங்க. அது வெளிச்சத்தைக் குறைச்சு வச்சு எடுத்த கணக்கு. வாட்-அவர்ங்கிறது பேட்டரி கொள்ளுற மொத்த சக்தி. அதை, மெஷின் இழுக்கிற வாட்டால வகுத்தா எத்தனை மணி நேரம் ஓடும்னு வரும். டைப்பிங், டேலி, பிரவுசர்னா 8லேருந்து 10 வாட்; 41க்கு நாலுலேருந்து அஞ்சு மணி நேரம் வரும். வீடியோ கால்னா 15 வாட்டுக்கு மேல, இரண்டரை மணி நேரம்தான். கரண்ட் அதிகமா இழுக்கிற எச் சீரிஸ் பிராசசரும் தனி கிராபிக்ஸ் கார்டும் முழு வேலை செஞ்சா 50 வாட்டைத் தாண்டும், முக்கால் மணி நேரத்துல படுத்துரும்.

உங்க 5 மணி நேரத்துக்கு 10 வாட் வீதம் 50 வாட்-அவர் வேணும். ரெண்டு வருசத்துல பேட்டரி 80 சதவீதமா இறங்கும்னு வச்சுக்கிட்டா, வாங்கும்போதே 60க்கு மேல இருக்கணும். 41 பத்தாது. கடையில எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-அவர்) மட்டும் சொன்னா வோல்ட்டையும் கேளுங்க: 3,600 எம்ஏஎச்சை 11.4 வோல்ட்டால பெருக்கி 1,000ஆல வகுத்தா அதே 41தான். 1953ல திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம்ம ஊர்லதான் இருக்கு, லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியே அங்க நடக்குது. இங்க இருக்கிறவங்க வாட்-அவர் கேட்காம லேப்டாப் வாங்கக் கூடாது.

கானாடுகாத்தான்:
வெயிலையும் கணக்குல சேருங்க. சித்திரை வைகாசியில 100 சதவீதத்துலயே சார்ஜர் மாட்டி வச்சா பேட்டரி சீக்கிரம் தேயும். தினமும் 80ல நிக்கிற மாதிரி செட்டிங்கை வச்சுட்டு, கரண்ட் நிறுத்துறதுக்கு முந்தின ராத்திரி மட்டும் முழுசா ஏத்துங்க. மெத்தை, திண்டு மேல வைக்காதீங்க, அடியில காத்துத் துவாரம் அடைச்சுக்கும். ஆத்தங்குடிக் கல்லுத் தரையில நேரா வச்சாலே போதும். வளவு (வீட்டு நடுமுற்றம்) வெளிச்சத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தோட அளவு) திரை மங்கலாத் தெரியும். வெளிச்சத்தை முழுசா ஏத்தினா 2, 3 வாட் கூடப் போகும்.

புதுவயல்:
பழைய மெஷின் வாங்குறவங்க கமாண்ட் பிராம்ப்ட்ல ஆங்கில எழுத்துல பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, பேட்டரிரிப்போர்ட்னு அடிங்க. வர்ற அறிக்கையில டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல இருந்த அளவு) 41,000, ஃபுல் சார்ஜ் (இப்ப ஏறுற அளவு) 24,000 மில்லிவாட்-அவர்னு இருந்தா புது பேட்டரி விலையைக் கழிச்சுத்தான் பேசணும். மாத்தும்போது பழைய பேட்டரி லேபிள்ல உள்ள பார்ட் நம்பர், வோல்ட், கனெக்டர் மூணும் ஒத்துப்போகணும். போலி பேட்டரியில சிப்பே பொய் சொல்லும். 100லேருந்து ஓடவிட்டுப் பாருங்க, 30லேருந்து திடீர்னு அணைஞ்சா திருப்பிக் கொடுங்க. டச்பேட் மேல தூக்கினா உள்ள பேட்டரி உப்பியிருக்கு. அழுத்தாதீங்க, குத்தாதீங்க, அதுக்கப்புறம் சார்ஜும் போடாதீங்க.

பள்ளத்தூர்:
தம்பி, 41தான் கையில இருக்குன்னா, அது டைப்-சி வழியா சார்ஜ் ஏறுதான்னு பாருங்க. ஏறினா 65 வாட் பிடி (பவர் டெலிவரி, டைப்-சி வழியா வேகமா சார்ஜ் கொடுக்கிற முறை) பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் வாங்கலாம். உள்ள 3.7 வோல்ட்டுங்கிறதால 74 வாட்-அவர், இழப்பு போக 60 பக்கம் கைக்கு வரும். ரவுட்டருக்கும் கரண்ட் வேணும், அதை மறந்துறாதீங்க. பெரும்பாலும் 12 வோல்ட். அடாப்டர்ல ஆம்பியரைப் பார்த்து, அதுக்குக் குறையாத மினி யூபிஎஸ் போடுங்க.