சாமி கும்பிடாத பிள்ளைக்கு இரக்க குணம் வருமா?

கேள்வி:
கல்லூரியில் சேர்ந்த என் மகன் ‘எனக்குச் சாமி நம்பிக்கை இல்லைம்மா’ என்கிறான். கோயிலுக்கு வராவிட்டால் போகட்டும். பயபக்தி இல்லாமல் வளர்ந்தால் நாளைக்கு அடுத்தவர் கஷ்டம் அவனுக்கு உறைக்குமா?

பதில் 1:
அம்மா, நான் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன். நெற்றி நிறைய திருநீறோடும் வருவார்கள், கறுப்புச் சட்டையோடும் வருவார்கள். விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் 12.5 இருக்கிறதா என்று பார்ப்போம், எடை பார்ப்போம். சாமி கும்பிடுவீர்களா என்று படிவத்தில் கேள்வியே கிடையாது. எடுக்கிற 350 மில்லி யார் உடம்பில் ஏறப்போகிறது என்று கொடுப்பவருக்குத் தெரியாது. அப்புறமும் வருகிறார்கள்.

ஆந்திராவில் கோரா என்று ஒருவர் இருந்தார். 1940இல் நாத்திக மையம் தொடங்கியவர். தீண்டாமையை எதிர்த்துச் சமபந்தி விருந்து நடத்தினார். தன் மகளையே தலித் இளைஞருக்கு மணம் முடித்துக் கொடுத்தார். மேடையில் பேசுவதைவிட இது எவ்வளவு கஷ்டம்!

பதில் 2:
பக்தியும் சும்மா இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, ஸ்ரீ அரவிந்தர் வழியில் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர். அந்த நம்பிக்கைதான் அவரை ஓட வைத்தது.

கேட்டவர்:
சரி. இவனுக்கு 18 முடிந்துவிட்டது. ரத்தம் கொடுக்கலாமா?

பதில் 1:
தாராளமாக. எடை 45 கிலோவாவது வேண்டும். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.